மத்தியானம் ஆனால் படுத்துக்கொண்ட கம்ப்யூட்டர்

உங்களில் ஒருவர், பெயர் வேண்டாம், போன வாரம் டீ குடிக்கும்போது ஒரு யோசனை சொன்னீர்கள். பின்னணியில் ஓடுகிற ஒரு நிரல் கொஞ்சம் கொஞ்சமாக நினைவகத்தைத் தின்றுகொண்டே போகிறது, ஏன் என்று தேட யாருக்கு நேரம் இருக்கிறது, தினம் ஒரு தடவை நிறுத்தி மறுபடி ஓட்டிவிட்டால் வேலை முடிந்தது என்றீர்கள். ஓய்வு பெற்ற பிறகும் என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்திருக்கிறீர்களே என்ற நன்றியில் நான் வாயைத் திறக்காமல் வடையைத் தின்றேன். உண்மையில் வாயைத் திறக்க எனக்கு யோக்கியதை இல்லை. உங்கள் வயதில் இதே வியாதிக்கு நான் கண்டுபிடித்த வைத்தியம் ஈரச் சாக்கு.

எண்பதுகளின் கடைசி. பெங்களூரில் ஒரு மாடியில் இயங்கிய சின்னக் கம்பெனியில் வேலை பார்த்தேன். பாலக்கோட்டிலிருந்து மாரண்டஹள்ளி போகிற வழியில் இருந்த ஒரு மாம்பழக்கூழ் தொழிற்சாலைக்கு எங்கள் கம்பெனி கம்ப்யூட்டர் வைத்துக் கொடுத்தது. நான் தருமபுரிக்காரன், அந்தப் பக்கத்துப் பேச்சு தெரியும் என்று என்னை அனுப்பினார்கள். நிரலை எழுதியவனும் நானே என்பதால், திட்டு வாங்க வேறு ஆள் தேட வேண்டிய அவசியமும் அவர்களுக்கு இல்லை.

வேலை சாதாரணமானது. தொழிற்சாலை வாசலில் ஓர் எடைமேடை. தரையோடு தரையாகப் பதித்த பெரிய இரும்புத் தகடு, மேலே தகரக் கூரை. பழம் ஏற்றிய லாரியோ டிராக்டரோ அதன் மேல் வந்து நிற்கும், எடை பார்ப்போம். உள்ளே போய் இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பி வரும், மறுபடி எடை பார்ப்போம். கழித்தால் பழத்தின் எடை. மேடையை ஒட்டி ஓர் அறை, அதில் கம்ப்யூட்டர். மேடையின் எடையை ஒரு பெட்டி சிவப்பு எண்களில் காட்டும். அந்தப் பெட்டியை எந்நேரமும் கவனித்துக்கொண்டு பின்னணியில் ஓடுவது என் நிரல். எண் பூஜ்யத்திலிருந்து ஏறியதும் ஏதோ ஒரு வண்டி வந்திருக்கிறது என்று அதற்காக நினைவகத்தில் ஓர் இடம் ஒதுக்கும். அந்த வண்டி காலியாகித் திரும்பிப் போனதும் இடத்தை விடுவிக்கும். லாட்ஜில் ரூம் கொடுத்து, காலி செய்ததும் சாவியை வாங்கி மாட்டுவது போலத்தான்.

பெங்களூரில் பிரமாதமாக ஓடியது. எடைமேடை போல எண் அனுப்புகிற ஒரு கருவியை மேசையில் வைத்து, கற்பனை லாரிகளை நூற்றுக்கணக்கில் விட்டுச் சோதித்தோம். கற்பனை லாரிகள் ஒழுங்காக வந்தன, ஒழுங்காகப் போயின. முதலாளி என் முதுகில் தட்டினார். அந்தத் தட்டலின் சூடு ஆறுவதற்குள் பாலக்கோட்டிலிருந்து ட்ரங்க் கால் வந்துவிட்டது.

காலையில் நன்றாக ஓடுகிறது. வெயில் ஏற ஏறத் தள்ளாடுகிறது. மத்தியானம் சாப்பாட்டு வேளைக்கு ஒரேயடியாகப் படுத்துக்கொள்கிறது. நிறுத்தி ஓட்டினால் எழுந்திருக்கிறது. ஆனால் நிறுத்தினால் உள்ளே போன வண்டிகளின் எடையெல்லாம் மறந்துவிடும். அதை டிஸ்கில் எழுதி வைத்திருக்கக் கூடாதா என்று கேட்பீர்கள். கேளுங்கள். கேட்க வேண்டியதுதான். அந்தக் காலத்தில் அப்படி ஒருவர் என் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். கேட்க ஆள் இல்லாததால், ஒவ்வொரு தடவையும் உள்ளே இருக்கிற டிரைவர்களைத் தேடிப் பிடித்து, அவர்கள் கையிலிருக்கும் எடைச் சீட்டைப் பார்த்து எல்லாவற்றையும் மறுபடி தட்ட வேண்டியிருந்தது. அதுவரை வாசலில் வரிசை நகராது. வரிசையில் நிற்பது இரும்போ சிமெண்டோ இல்லை, கனிந்த மாம்பழம்.

தட்டுகிற வேலை ஜெசிந்தாவுடையது. டைப்ரைட்டிங் முடித்துவிட்டுத் தருமபுரியில் கம்ப்யூட்டரும் படித்து, அந்த மெஷினுக்காகவே வேலைக்கு எடுக்கப்பட்ட பெண். அவளுக்கு அப்போது இருபது வயதுகூட ஆகியிருக்காது. நான் போய்ச் சேர்ந்ததும் அவள் கேட்ட முதல் கேள்வி, "சார், இது பொழச்சுக்குமா?"

"கம்ப்யூட்டரா? இதெல்லாம் ஒண்ணுமே இல்லம்மா" என்றேன். அந்தக் குரலை நினைத்தால் இன்றும் எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

காலையில் ஓடி மத்தியானம் படுக்கிறது என்றால் என்ன காரணம்? வெயில்! இதற்கு ஒரு படிப்பா? அறையில் சூடு. சூட்டில் மெஷின் களைத்துப்போகிறது. நிரலில் தப்பு இருக்கலாம் என்கிற எண்ணம் என் மண்டையின் வாசல்வரைகூட வரவில்லை. எழுதியவன் நானல்லவா. நினைவகம் எவ்வளவு செலவாகிறது என்று பார்க்க ஒரு கட்டளை உண்டு. பார்த்தேன். என் நிரலின் அளவு காலையிலிருந்து ஏறிக்கொண்டே இருந்தது கண்ணுக்கு நேராகத் தெரிந்தது. சூட்டினால் எண்கூடத் தப்பாகக் காட்டுகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். படித்தவன் தன்னை ஏமாற்றிக்கொள்ள முடிவு செய்துவிட்டால் அவனை யாராலும் தடுக்க முடியாது.

மேனேஜர் அறையிலிருந்த மேசை மின்விசிறியைக் கேட்டு வாங்கி வந்தேன். படுத்தது. ஜன்னல்களில் சாக்கை நனைத்துத் தொங்கவிட்டேன். ஜெசிந்தாவுக்குத் தும்மல் வந்தது, கம்ப்யூட்டருக்கு ஒன்றும் ஆகவில்லை. அதாவது, வழக்கம்போலப் படுத்தது. மேசைக்கு அடியில் தண்ணீர்ப் பானை வைத்தேன். இந்தப் பாடெல்லாம் பார்த்து இரக்கப்பட்ட ஒரு லாரி டிரைவர், "திருஷ்டிங்க சார், புது மெஷினு பாருங்க" என்று எலுமிச்சம்பழத்தை அறுத்துக் குங்குமம் தடவி வாசலில் வைத்தார். என் வைத்தியத்துக்கும் அவருடைய வைத்தியத்துக்கும் பலனில் வித்தியாசமே இல்லை. செலவில் அவருடையது குறைவு.

அப்புறம் ஒரு நாள் காலை எழுந்திருக்கும்போதே வானம் மூடியிருந்தது. தருமபுரியிலிருந்து பஸ்ஸில் வரும்போதே தூறல். தொழிற்சாலை வாசலில் இறங்கினால் நல்ல மழை. குளுகுளுவென்று காற்று. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இன்று மெஷின் நிற்காது, சூடுதான் காரணம் என்பது நிரூபணமாகிவிடும், மேனேஜரிடம் ஏசி கேட்டு எழுதிக் கொடுத்துவிட்டு ஊரைப் பார்க்கப் போய்விடலாம். ஜெசிந்தாவிடம் சவாலே விட்டேன். "இன்னிக்கு மட்டும் இது நின்னா நான் இந்த வேலையையே விட்டுடறேன்."

அன்றைக்கு மற்ற நாட்களைவிடச் சீக்கிரம் நின்றது. மத்தியானம்வரைகூடக் காத்திருக்கவில்லை.

ஜெசிந்தா நல்ல பெண். சவாலை ஞாபகப்படுத்தவில்லை. ஈரச் சாக்குகளைச் சத்தமில்லாமல் கழற்றி மடித்து மூலையில் வைத்தாள். அந்த மடிப்பில் எனக்கு உறைத்தது வேறெதிலும் உறைக்கவில்லை.

மேனேஜர் வந்தார். கோபத்தில் கத்துகிற ஆளில்லை, மெதுவாகப் பேசுவார், அது இன்னும் பயம். "சார், நாளைக்கு ஒரு நாள் பாக்கறேன். நாளைக்கும் நின்னுச்சுன்னா பெட்டியக் கட்டி லாரியில ஏத்தி பெங்களூருக்கே அனுப்பிடறேன். நாங்க பழையபடி கையாலயே எழுதிக்கறோம். பழம் வரிசையில நின்னு அழுகிப்போனா எனக்கு யாருங்க பதில் சொல்றது?"

அவர் போனதும் ஜெசிந்தா மானிட்டரைத் துணியால் துடைத்துக்கொண்டே சொன்னாள். "மெஷின் போச்சுன்னா நானும் போவ வேண்டியதுதாங்க சார். கையால எழுதறதுக்கு அவங்ககிட்ட பழைய ஆளு இருக்காரு. எங்க வூட்ல மாசச் சம்பளம்னு வாங்கற மொத ஆளு நானுங்க. போன மாசந்தான் எங்கம்மா சர்ச்சுல எல்லாருகிட்டயும் சொல்லி முடிச்சிருக்கு."

எனக்குப் பயம் வந்தது. என் வேலை போகும் என்றால் வருத்தப்பட்டிருப்பேன், அவ்வளவுதான், பெங்களூரில் வேறு மாடி கிடைக்கும். நான் ஒரு மாதமாகச் சாக்கை நனைத்துக்கொண்டிருந்ததில் இந்தப் பெண்ணின் வேலை அல்லவா போகப் போகிறது. அன்று பஸ்ஸில் திரும்பும்போதுதான், நிரலில் தப்பு இருக்கலாம் என்ற பேச்சை முதல்முறையாக என்னிடமே எடுத்தேன்.

மறுநாள் ஒரு திட்டத்தோடு வந்தேன். வண்டிகளைக் கொஞ்ச நேரம் முழுக்க நிறுத்துவது. மேடையில் எதுவுமே ஏறாதபோதும் நிரலின் அளவு ஏறினால், வண்டிகளைக் கையாளுகிற பகுதியில் தப்பில்லை, தேட வேண்டிய இடம் பாதியாகக் குறையும். இது மட்டும் நல்ல திட்டம்தான், என்னை நானே மெச்சிக்கொள்ள அனுமதியுங்கள். மேனேஜரிடம் கெஞ்சி அரைமணி நேரம் வாங்கினேன். வெயில் உச்சிக்கு வந்துகொண்டிருந்தது. வரிசை ரோடுவரை நின்றது.

மேடையின் மேல் எப்போதும்போல ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். அந்த இடத்தில் அது வழக்கம். சுற்றிலும் மரமில்லாத பொட்டல், கண்ணுக்கெட்டிய வரை நிழல் என்றால் எடைமேடையின் தகரக் கூரை ஒன்றுதான். வண்டியில் வந்தவர்கள் தகட்டின் மேல் துண்டை விரித்துக் குந்தியிருப்பார்கள். வண்டி வந்தால் எழுந்து ஒதுங்குவார்கள், வண்டி போனதும் திரும்பி வந்து குந்துவார்கள். வந்த நாள் முதல் இதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். பார்த்தேன் என்பதைவிட, என் கண் அதன் மேல் பட்டுக்கொண்டிருந்தது என்பது சரி.

நிம்மதியாக யோசிக்க வேண்டுமே என்று வாட்ச்மேனிடம் சொல்லி எல்லோரையும் எழுப்பி வெளியே அனுப்பினேன். முனகிக்கொண்டே போனார்கள். ஜெசிந்தாவைத் திரைக்கு முன் உட்கார வைத்து, அந்தக் கட்டளையைத் திரும்பத் திரும்பக் கொடுத்து, நிரலின் அளவு ஏறினால் ஜன்னல் வழியாகச் சத்தம் போடச் சொன்னேன். எனக்கு யோசனை ஓட வேண்டுமானால் கால் நடக்க வேண்டும். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வெளியே இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக உலாவ ஆரம்பித்தேன்.

"ஏறுச்சு சார்!" என்றாள் ஜெசிந்தா.

ஆகா, வண்டியே இல்லாமல் ஏறுகிறது! எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. இன்னும் வேகமாக நடந்தேன்.

"மறுபடி ஏறுச்சு சார்! இன்னும் ஏறுது!"

என்னவாக இருக்கும்? கடிகாரத்தைப் படிக்கிற பகுதியா? அச்சிடுகிற பகுதியா? நடந்தேன். ஏறியது. திரும்பினேன். ஏறியது. நான் மும்முரமாக யோசிக்க யோசிக்க அளவும் மும்முரமாக ஏறியது.

வரிசையில் முதலில் நின்ற டிராக்டரின் டிரெய்லரில் மாம்பழக் குவியலுக்குப் பக்கத்தில் ஒரு அம்மா முக்காடு போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மாதம்மாள் என்று பெயர். அந்த சீசன் முழுக்கத் தன் தோட்டத்துப் பழத்தைத் தானே கூட வந்து எடை போட்டுக்கொண்டு போகிறவர். அவர் அங்கிருந்தே கேட்டார்.

"ஏங்கண்ணு, எங்களயெல்லாம் வெய்யிலுக்குத் தொரத்திட்டு நீ மட்டும் நெழல்ல ஒலாத்திக்கினு இருக்கறயே, இது ஞாயமா?"

வரிசை முழுக்கச் சிரித்தது. நான் குனிந்து பார்த்தேன். இரும்புத் தகட்டின் மேல்தான் நின்றுகொண்டிருந்தேன். வெட்கமாகப் போய்விட்டது. இறங்கி வெயிலுக்கு வந்து, டிராக்டருக்குப் பக்கத்தில் அசட்டுச் சிரிப்போடு நின்றேன்.

ஜன்னலிலிருந்து சத்தம் வரவில்லை.

"ஜெசிந்தா? ஏறுதா?"

"இல்லீங்க சார். நின்னுருச்சு."

நின்றுவிட்டதா? இப்போதுதானே பிடி கிடைத்தது! எனக்கு எரிச்சல். மேடை மேல் ஏறி அறைப் பக்கம் நடந்தேன்.

"ஏறுது சார்!"

நின்றேன். இறங்கினேன். காத்திருந்தேன். ஒன்றுமில்லை. ஒரு காலை மட்டும் எடுத்து, சுடுதண்ணீரில் வைப்பது போலத் தகட்டின் மேல் மெதுவாக வைத்து அழுத்தினேன்.

"ஏறுது சார்!"

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. புரிந்த சமயம் ஒரு கால் தரையிலும் ஒரு கால் தகட்டிலுமாக, மாரண்டஹள்ளி ரோடு பார்த்துக்கொண்டிருக்க நின்றிருந்தேன்.

உங்களுக்கு இந்நேரம் புரிந்திருக்கும். யாராவது தகட்டில் குந்தினால் எடை பூஜ்யத்திலிருந்து ஏறும். என் நிரல் வண்டி வந்ததாக நினைத்து இடம் ஒதுக்கும். எழுந்து போனதும், அடடா இது வண்டி இல்லை போலிருக்கிறது என்று அந்த இடத்தை அப்படியே மறந்துவிடும். விடுவிக்காது. வண்டிகளுக்கு ரூமைக் காலி செய்து சாவி வாங்கிய நான், தெரியாமல் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுப் போனவனுக்கும் ஒரு ரூமைக் கொடுத்துப் பூட்டி வைத்திருந்தேன். அதுவும் விசாலமான ரூம். நினைவகம் என் அப்பன் வீட்டுச் சொத்து போல ஒவ்வொரு வண்டிக்கும் அள்ளி ஒதுக்கியிருந்தேன். காலையில் நிழல் தேடுவாரில்லை, மெஷின் நன்றாக ஓடியது. வெயில் ஏற ஏற ஆட்கள் வந்தார்கள், மெஷின் தள்ளாடியது. மழை பெய்த அன்று வரிசை முழுக்கக் கூரைக்கு அடியில் நுழைந்து, மாறி மாறி எட்டிப் பார்த்து, நெருக்கியடித்து நின்றது. என் குளுகுளு நாளில் மெஷின் சீக்கிரமாகச் செத்ததற்கு அதுதான் காரணம். பெங்களூரில் எங்கள் கற்பனை லாரிகளில் ஒன்றுக்குக்கூட வேர்க்கவில்லை.

மேனேஜரிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். அவர் கேட்டுவிட்டு, "அவ்ளோதானுங்களா?" என்றார். வாட்ச்மேனைக் கூப்பிட்டார். "மேடைய சுத்திக் கயித்தக் கட்டு. ஒரு பய உள்ள குந்தக் கூடாது. தொரத்து." பிறகு என் பக்கம் திரும்பி, "தீந்துதுங்களே?" என்றார்.

இந்த இடத்தில்தான் நீங்கள் என்னைக் கவனிக்க வேண்டும். தீர்ந்துதான் போயிருந்தது. கயிறு கட்டினால் மெஷின் நிற்காது. நிரலைத் தொட வேண்டாம், தொட்டு இன்னும் கெடுத்துவிடுவேனோ என்ற பயம் வேண்டாம், அன்றைய கடைசி பஸ்ஸில் வெற்றியோடு பெங்களூர் போகலாம். வாய்வரை "ஆமாங்க" வந்துவிட்டது. வாட்ச்மேன் கயிற்றைத் தேடப் போய்விட்டார்.

அறைக்கு வந்தால் ஜெசிந்தா சந்தோஷப்படாமல் இருந்தாள். "என்னம்மா, தீந்துதே?" என்றேன்.

"கயிறு எத்தன நாளைக்குங்க சார் இருக்கும்? இந்த வெய்யிலுக்கு நாலு நாளு போனா தாண்டிக் குந்துவாங்க. நானே வேணாம்னு சொல்ல மாட்டேன், எங்க சித்தப்பாவும் அந்த வரிசையிலதான் நிக்கறாரு. அப்ப மெஷின் நிக்கும். நீங்க பெங்களூருல இருப்பீங்க. 'ஏம்மா நீ பாத்துக்கக் கூடாதா'ன்னு என்னயத்தான் கேப்பாங்க."

தப்பு என்னுடையது. கயிறு கட்டினால் அந்தத் தப்பைத் தினமும் வெயிலில் சுமக்கப் போவது வாசலில் நிற்கிறவர்கள், கயிற்றுக்குக் காவல் இருக்கப் போவது இவள். திரும்ப மேனேஜரிடம் போனேன். கயிறு இன்று ஒரு வேளைக்கு மட்டும், அதற்குள் நிரலைச் சரி செய்துவிடுகிறேன் என்றேன்.

"சரி பண்றேன்னு சொல்லி நின்னுபோச்சுன்னா?"

"பெட்டிகூட என்னையும் லாரியில ஏத்திடுங்க."

"லாரியில எடமிருக்காதுங்க, மேல குந்திக்கினு போங்க" என்றார் மேனேஜர். அது நகைச்சுவை என்று புரிந்துகொள்ள எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது.

எடை போடுவது தொடர்ந்தது. அதே கம்ப்யூட்டரோடு இணைத்திருந்த இன்னொரு திரையில் நான் உட்கார்ந்து நிரலைத் திறந்தேன். சேர்க்க வேண்டியது ஒரே ஒரு வரி. வண்டி இல்லை என்று தெரிந்ததும் ஒதுக்கிய இடத்தை விடு. ஒரு வரி! ஜன்னலுக்கு வெளியே கயிற்றுக்கு அந்தப் பக்கம் ஆட்கள் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு வெயிலில் நின்றிருந்தார்கள். அந்த ஒரு வரியை எழுதிவிட்டு, அதைச் சுற்றியிருந்த மற்ற வரிகளையும் முதல்முறையாக வேறொருவன் எழுதியது போலச் சந்தேகத்தோடு படித்தேன். வாழ்க்கையில் அதற்கு முன் என் நிரலை நான் அப்படிப் படித்ததே இல்லை. ரசித்துத்தான் படித்திருக்கிறேன்.

இதற்கு நடுவே மாதம்மாளின் டிராக்டரை ஓரமாக நிறுத்தும்படி ஆனது. பின்னால் நின்ற தன் சொந்தக்காரர் வண்டியை முதலில் விடச் சொல்லி அவரே ஒதுங்கியிருந்தார். இப்போது டிரெய்லரின் கீழிருந்து சாறு சொட்ட ஆரம்பித்துவிட்டது.

உள்ளே போன வண்டிகளெல்லாம் வெளியே வந்த சமயம் பார்த்துப் பழைய நிரலை நிறுத்திப் புதியதை ஓட்டினேன். இனி சோதிக்க வேண்டும். அதற்கு ஆட்கள் மேடையில் ஏற வேண்டும், இறங்க வேண்டும், நிறையத் தடவை. வாட்ச்மேன் கட்டியிருந்த கயிற்றை நானே அவிழ்த்தேன். தொண்டையைச் சரி செய்துகொண்டு வரிசையைப் பார்த்து, "எல்லாரும் கொஞ்சம் மேடைக்கு வாங்க" என்றேன்.

ஒருவர்கூட அசையவில்லை.

"ஏறி எறங்கணும். அவ்ளோதான். மெஷினுக்காக."

மாதம்மாள் டிரெய்லரில் எழுந்து நின்றார். "அப்பத் தொரத்துனதும் நீதான், இப்பக் கூப்புடறதும் நீதான். எங்களப் பாத்தா எப்பிடிக்கீது ஒனக்கு? எம்பழம் அங்க தண்ணி வுட்டுக்கினு கெடக்குது."

உள்ளதை உள்ளபடி சொன்னேன். "தப்பு என்னோடதும்மா. நீங்க குந்துனா நிக்கற மாதிரி மெஷின நான்தான் பண்ணி வெச்சிட்டேன். இப்ப மாத்திட்டேன். மாத்துனது சரியான்னு நீங்க ஏறுனாத்தான் தெரியும். சரியில்லன்னா இந்தப் பொண்ணுக்கு வேலை போயிரும்."

மாதம்மாள் ஜன்னலில் தெரிந்த ஜெசிந்தாவைப் பார்த்தார். அந்தப் பெண்ணின் கண் திரையிலிருந்து இந்தப் பக்கம் திரும்பியிருந்தது. மாதம்மாள் டிரெய்லரிலிருந்து இறங்கி, புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு வந்து மேடையில் ஏறினார். இறங்கினார். மறுபடி ஏறினார். "இப்பிடியா?" என்றார்.

பிறகு வரிசையே வந்துவிட்டது. டிரைவர்கள், கிளீனர்கள், பழக்காரர்கள். ஏறினார்கள், இறங்கினார்கள். ஜன்னல் வழியாகத் தெரிந்த சிவப்பு எண்ணில் தங்கள் எடையைப் பார்த்து ஒருவரையொருவர் கேலி செய்துகொண்டார்கள். எலுமிச்சம்பழ டிரைவர் ஏறியதும் எண் எகிறியதைப் பார்த்து, "அண்ணனுக்குத் தனியா ஒரு சீட்டுப் போடுங்க" என்று யாரோ கத்தினார்கள். கொஞ்ச நேரத்தில் கோயில் திருவிழாபோல ஆகிவிட்டது. ஜெசிந்தாவின் முதுகைத் தவிர வேறெதையும் நான் பார்க்கவில்லை. மேனேஜர் வந்து, சிரிக்காமல், செருப்பைக் கழற்றிவிட்டு அவரும் ஒரு தடவை ஏறி இறங்கினார்.

"என்னம்மா?" என்றார் ஜன்னலைப் பார்த்து.

"அப்படியே நிக்குதுங்க சார்" என்றாள் ஜெசிந்தா. "ஏறவே இல்ல. அப்படியே நிக்குது."

மேனேஜர் செருப்பை மாட்டிக்கொண்டார். "அடுத்த வண்டியக் கூப்புடு" என்று அவளிடம் சொல்லிவிட்டு நடந்தார். என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. அதைவிடப் பெரிய பாராட்டு எனக்கு அதன் பிறகு எந்தக் கம்பெனியிலும் கிடைத்ததில்லை.

அடுத்த வண்டி மாதம்மாளுடையது. டிராக்டர் மேடைக்கு வந்தது. அவர் இன்னும் தகட்டின் மேலேயே நின்றுகொண்டிருந்தார். எடை தப்பாகிவிடுமே என்று, "அம்மா, கொஞ்சம் எறங்குங்க" என்றேன்.

"மறுபடியுமா?" என்றார் மாதம்மாள். "ஏறணுமா எறங்கணுமா, ஒரே பேச்சா சொல்லு கண்ணு."

அடுத்த வருடம் சீசன் தொடங்கும்போது மெஷினைப் பார்த்துவிட்டு வரச் சொல்லி அனுப்பினார்கள். மேனேஜர் நல்லவர், மேடைக்குப் பக்கத்தில் ஆட்கள் உட்காருவதற்கென்றே கீற்றுப் பந்தல் ஒன்று போட்டிருந்தார். பெஞ்சு, மண்பானையில் தண்ணீர் எல்லாம் இருந்தன. பந்தலில் ஒரு நாய் மட்டும் கால் நீட்டிப் படுத்திருந்தது. ஆட்களெல்லாம் எடைமேடையின் மேல்தான் குந்தியிருந்தார்கள். அங்கேதான் காற்று வருகிறதாம்.

அன்று கயிற்றை நம்பி அந்த ஒரு வரியை எழுதாமல் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தபடி அறை ஜன்னல் பக்கம் போனேன். உள்ளே ஜெசிந்தா மும்முரமாகத் தட்டிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் வணக்கம்கூடச் சொல்லவில்லை. நான் எதைக் கேட்க வந்திருக்கிறேன் என்று அவளுக்குத் தெரியும். திரையைத் திருப்பி நிரலின் அளவை எனக்குக் காட்டினாள்.

"அப்படியே நிக்குதுங்க சார்."